யட்சகானம் யாருடையது?

பெங்களூரில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் டவுன் ஹால், ரவீந்திர கலாக்ஷேத்ரா பக்கத்துச் சுவர்களில் சில கன்னடச் சுவரொட்டிகள் தென்படும். அகன்ற கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மை தீட்டிய பெரிய கண்கள். மேற்குக் கடற்கரையோரத்து யட்சகானக் குழுக்கள் நகரத்துக்கு வந்துவிட்டன என்பதற்கு அதுவே அறிவிப்பு. உடுப்பியிலும் தென் கன்னடத்திலும் மழை கொட்டும் அந்த மாதங்களில் திறந்த வெளியில் ஆட முடியாது. அதனால் கலைஞர்கள் மலையேறி நம் பக்கம் வருகிறார்கள்.

அந்தச் சுவரொட்டியைப் பார்த்ததும் நம்மவர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் எழும். "இதில் என்ன அதிசயம்? நம்ம ஊர்த் தெருக்கூத்துதானே இது! இங்கே வந்து பேரை மாற்றிக்கொண்டது" என்பார் ஒருவர். பக்கத்தில் தெலுங்கு நண்பர் இருந்தால், "யட்சகானம் என்ற பெயரே எங்கள் இலக்கியத்தில் இருக்கிறது, எங்கள் வீதி நாடகத்தின் பிள்ளை இது" என்பார். கன்னட நண்பரோ, "எங்கள் கடற்கரை மண்ணில் முளைத்தது; எவரிடமும் கடன் வாங்கவில்லை" என்று முடித்துவிடுவார். தேநீர் ஆறிவிடும், பேச்சு ஆறாது.

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கலை எங்கே பிறந்தது என்று ஆராய்வது வேறு. "எங்களிடமிருந்து வந்தது, ஆகவே எங்களுடையது" என்று பட்டா கேட்பது வேறு. முன்னது அறிவு வளர்ச்சிக்கு உதவும். பின்னது அண்டை வீட்டாரைப் புண்படுத்துவதோடு, நம் வீட்டுச் சொத்தையும் நாம் பார்க்காமல் செய்துவிடும். வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்திருக்கும் நாம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும் என்பது என் கருத்து.

விடிய விடிய ஓர் ஆட்டம்

யட்சகானத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். அறுவடை முடிந்த வயலிலோ கோயில் முற்றத்திலோ நான்கு கம்பம் நட்டு, மாவிலைத் தோரணம் கட்டினால் அரங்கம் தயார். பின்புறம் பாகவதர் அமர்ந்து பாடுவார். பாடகரும் அவரே, ஆட்டத்தை நடத்துபவரும் அவரே. அருகில் மத்தளமும் செண்டையும். இவர்களை 'ஹிம்மேள' என்பார்கள். வேடம் கட்டி ஆடுபவர்கள் 'மும்மேள'. குழுவுக்கே 'மேள' என்றுதான் பெயர். நம் ஊர் மேளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இராமாயணம், பாரதம், பாகவதம் ஆகியவற்றிலிருந்து எடுத்த கதைக்குப் 'பிரசங்க' என்று பெயர். அதில் பாட்டுகள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். வசனம் கிடையாது. பாகவதர் பாடி முடித்ததும், நடிகர் தம் சொந்தப் புலமையால் அந்த இடத்திலேயே பேச வேண்டும். கர்ணன் கண்ணனுக்கு என்ன பதில் சொல்வான் என்பது அன்றைய நடிகரின் படிப்பையும் சமயோசிதத்தையும் பொறுத்தது. வேடமே இல்லாமல் உட்கார்ந்தபடி பாட்டும் பேச்சுமாக நடத்தும் 'தாள மத்தளே' என்ற வகையும் உண்டு. அதில் இரவு முழுவதும் வாதம்தான்!

அந்தப் பேச்சில் ஆங்கிலச் சொல் ஒன்றும் கலப்பதில்லை. தவறி நாக்கில் வந்துவிட்டால் பார்ப்பவர்களே சிரித்துவிடுவார்கள். நான்காம் வகுப்புத் தாண்டாத விவசாயியும் அந்தச் செந்தமிழ் போன்ற செங்கன்னடத்தைக் கேட்டுத் தலையசைக்கிறார். மேடை ஏறினால் பாதி ஆங்கிலம் பேசும் நம் மன்றத்துப் பேச்சாளர்கள் ஒருமுறை போய்க் கேட்டுவர வேண்டும்.

இன்னொரு வியப்பு. உடுப்பிக்குத் தெற்கே பெரும்பாலோர் வீட்டில் பேசுவது துளு. கொங்கணி பேசுவோர் உண்டு. மலையாளம் பேசுவோரும் உண்டு. ஆனால் காலங்காலமாக மேடையில் ஒலித்தது கன்னடம். துளு மொழி பிரசங்கங்கள் பெருகியது 20-ம் நூற்றாண்டில்தான். அதாவது, ஒரு தாய்மொழிக்காரர்கள் இன்னொரு மொழியில் ஆடி வளர்த்த கலை இது. "எந்த மொழிக்காரனுடையது?" என்ற கேள்வி கடற்கரையிலேயே தடுக்கி விழுந்துவிடுகிறது.

பெயரின் பிறப்பு

இனி, மூலம் எது என்று பார்ப்போம். யட்சர் என்றால் தேவகணத்தில் ஒரு பிரிவினர். பழந்தமிழில் அவர்களை இயக்கர் என்றார்கள். தென்பாண்டி நாட்டு இசக்கியம்மன் பெயரும் இயக்கியிலிருந்து வந்ததே. யட்சர் பாடிய பாட்டு முறை என்பது ஒரு விளக்கம். ஆந்திரத்தில் 'ஜக்குல' என்று பாடகர் சமூகம் ஒன்று இருந்தது. யட்ச என்பது ஜக்க என்று திரிந்து அவர்கள் பாட்டே யட்சகானம் ஆயிற்று என்பது இரண்டாவது விளக்கம். 12-ம் நூற்றாண்டுக் கன்னடப் புலவர் நாகசந்திரர் குறிப்பிடும் 'எக்கலகாண' என்ற பாட்டு வகையே இதன் முன்னோடி என்பது மூன்றாவது.

மூன்றிலும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றுமே பாட்டைப் பற்றிப் பேசுகின்றன. ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. யட்சகானம் என்பது முதலில் ஒரு பாடும் முறைக்குப் பெயர். பிறகு அந்த முறையில் எழுதப்பட்ட கதைப் பாடல்களுக்குப் பெயர். அதற்கும் பிறகுதான் ஆட்டத்துக்கே பெயர் ஆயிற்று. கடற்கரையின் பெரியவர்கள் இன்றைக்கும் அதைப் 'பயலாட்ட', அதாவது வெளியில் ஆடும் ஆட்டம் என்றோ, வெறுமனே 'ஆட்ட' என்றோதான் சொல்கிறார்கள். 'தசாவதார ஆட்ட' என்பதும் பழைய பெயரே.

ஆட்டம் எங்கிருந்து வந்தது? அந்தக் கரையில் பூத வழிபாடு மிகப் பழமையானது. முகத்தில் வண்ணம் பூசி, தலைக்குப் பின்னே பெரிய அலங்கார வட்டம் கட்டி, தெய்வம் ஏறி ஆடும் அந்தச் சடங்கின் சாயல் யட்சகான வேடத்தில் இருக்கிறது. அரக்கர் முகத்தில் அரிசி மாவும் சுண்ணாம்பும் சேர்த்து முள் முள்ளாக வைக்கும் ஒப்பனையைப் பார்த்தால் கதகளி நினைவு வரும். தொடக்கத்தில் நடக்கும் பூர்வரங்கச் சடங்குகளில் சமஸ்கிருத நாடகத்தின் நிழல் தெரியும். தெய்வச் சடங்கும் பக்திக் கதையும் ஊர் ஊராகப் போய்ப் பாடிய பாகவதர்களும் சேர்ந்து பல நூறு ஆண்டுகளில் சமைத்த சமையல் இது. உப்பு யார் போட்டது, புளி யார் கரைத்தது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு மூட்டையை ஏற்ற வேண்டுமானால் புறப்படும் நிலையம், சேரும் நிலையம் இரண்டையும் எழுதாமல் ரசீது போட முடியாது. கலைக்கு அப்படி ரசீது கிடையாது. வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் மூட்டையைப் பிரித்து, கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் போட்டுக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

தஞ்சையில் ஒரு யட்சகானம்

தெலுங்கு நண்பரின் வாதத்துக்கு வருவோம். கந்துகூரி ருத்ரகவி 16-ம் நூற்றாண்டில் எழுதிய 'சுக்ரீவ விஜயம்' தெலுங்கில் கிடைத்துள்ள யட்சகானங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுகிறது. ஆகவே அவர் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் தெலுங்கு யட்சகானம் செழித்த இடம் எது தெரியுமா? நம் தஞ்சாவூர்!

1633 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட விஜயராகவ நாயக்கர் தாமே தெலுங்கில் யட்சகானங்கள் எழுதினார். அவர் அவையில் ரங்காஜம்மா என்ற பெண்புலவரும் எழுதினார். நாயக்கர் ஆட்சி முடிந்து மராட்டியர் வந்தார்கள். மொழி மாறியதா? இல்லை. 1684 முதல் 1712 வரை ஆண்ட சகஜி மன்னர் மராட்டியரானாலும் தெலுங்கில் ஏராளமாக எழுதினார். தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் என்று ஐந்து மொழிகளும் பேசும் 'பஞ்சபாஷா விலாசம்' என்ற நாடகமும் அவர் பெயரில் உள்ளது. தமிழ் மண்ணில், மராட்டிய மன்னர், தெலுங்கில் எழுதிய யட்சகானம்! இதற்கு எந்த மாநிலத்தின் முத்திரை குத்துவது?

அந்த மரபின் ஒரு கிளை இன்றும் உயிரோடு இருக்கிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில், ஆண்டுதோறும் மே மாத வாக்கில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. வெங்கட்ராம சாஸ்திரி இயற்றிய தெலுங்கு நாடகங்களை அந்த ஊர் ஆண்களே வேடமிட்டு ஆடுகிறார்கள். பிரகலாதனின் கதை அதில் தலையாயது. தெருவில் தமிழ், மேடையில் தெலுங்கு. கடற்கரையில் வீட்டில் துளு, மேடையில் கன்னடம் என்று பார்த்தோமே, அதே கதைதான்.

மைசூரும் சளைக்கவில்லை. 1704 முதல் 1714 வரை ஆண்ட இரண்டாம் கண்டீரவ நரசராஜ உடையார் பல மொழிகளில் யட்சகானங்கள் எழுதினார். எல்லாவற்றையும் கன்னட எழுத்திலேயே எழுதிவைத்தார். மன்னர்களுக்கு அந்தக் காலத்தில் மொழி ஒரு வேலியாகத் தோன்றவில்லை போலும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தஞ்சை யட்சகானமும் கடற்கரை யட்சகானமும் பெயரால் ஒன்று, உடலால் வேறு. அரண்மனையில் பிறந்தது ஒன்று, வயலில் வளர்ந்தது ஒன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்று சாதிப்பது, ஊரில் இரண்டு முருகன் இருந்தால் அண்ணன் தம்பி என்று முடிவு கட்டுவது போலத்தான்.

தெருக்கூத்தின் பங்கு

இனி நம் வாதம். தெருக்கூத்தைப் பார்த்தவருக்கு யட்சகானம் அந்நியமாகத் தெரியாது என்பது உண்மையே. இரண்டிலும் இரவு முழுக்க ஆட்டம். இரண்டிலும் திரை பிடித்து, வேடக்காரர் அதன் பின்னிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுவார். இரண்டிலும் மரக் கிரீடம், புஜகீர்த்தி. அங்கே கட்டியக்காரன், இங்கே 'ஹாஸ்யகார'. இரண்டிலும் கர்ணனும் துரியோதனனும் பெண் வேடம் கட்டிய ஆணும் உண்டு. இவ்வளவு ஒற்றுமை சும்மா வருமா என்று கேட்கத் தோன்றும்.

சும்மா வராதுதான். தென்னாட்டுக் கூத்துகள் எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்து வளர்ந்தவை. ஆனால் அண்ணன் தம்பி ஒற்றுமையை வைத்து, நான்தான் உனக்குத் தகப்பன் என்று சொல்லலாமா? நம் கூத்துக்கு வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு வட்டாரத்துத் திரௌபதியம்மன் விழா உயிர். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசியில் பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி. கடற்கரையின் யட்சகானத்துக்கோ அந்தந்தக் கோயிலின் நேர்த்திக்கடன் உயிர். இசைக் கருவி வேறு, அடவு வேறு, பேச்சு முறை வேறு. நம்முடையதை அவர்கள் பெயர் மாற்றிக்கொண்டார்கள் என்பதற்கு யாரும் சான்று காட்டியதில்லை.

சான்று இல்லாமல் சொன்னால் என்ன ஆகும்? தன் கிராமத்துக் கோயில் முற்றத்தில் தூக்கம் விழித்து வளர்ந்த ஒரு கன்னடத் தோழரிடம், "அது எங்களுடையது" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அவர் காதில் அது சிரிப்பாக விழாது. தண்ணீரிலும் மொழியிலும் இரு மாநிலத்துக்கும் மனத்தாங்கல் இருக்கும் காலங்களில் இந்த ஊரில் என்ன நடக்கும் என்பதை 1991 டிசம்பரைப் பார்த்த நம் மூத்தவர்கள் சொல்வார்கள். வாய்ச்சொல் ஒன்றால் கலவரம் வருவதில்லை. ஆனால் நல்ல நாட்களில் சேர்த்துவைத்த நட்புதான் கெட்ட நாளில் நமக்குக் கதவைத் திறந்துவிடும்.

கோடு மாறிய கதை

மாநில எல்லைகளை வைத்துக் கலையை அளப்பவர்களுக்கு ஒரு செய்தி. யட்சகானத்தின் தென்பாணியான 'தெங்குதிட்டு'க்குத் தந்தை என்று போற்றப்படுபவர் பார்த்தி சுப்பா. இராமாயணக் கதையை யட்சகானப் பாட்டாகப் பாடியவர். அவருடைய ஊர் கும்பளா. அது இன்று கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் இருக்கிறது! 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது காசர்கோடு கேரளத்தோடு சேர்ந்தது.

அதற்கு முன்போ மங்களூர், உடுப்பி, காசர்கோடு எல்லாம் தென் கன்னட மாவட்டம் என்ற பெயரில் சென்னை ராஜதானியில் இருந்தன. வட கன்னடம் 1862-லேயே பம்பாய் ராஜதானிக்குப் போய்விட்டது. ஆக, ஒரே ஆட்டத்தின் தென்பாணி சென்னை நிர்வாகத்திலும், வடக்குக் கோடி பம்பாய் நிர்வாகத்திலும் ஏறத்தாழ நூறாண்டு இருந்தன. அன்று சென்னையில் இருந்த கலெக்டர் கோப்பைக் காட்டி, யட்சகானம் எங்கள் ராஜதானிக் கலை என்று நாம் சொன்னால் யாராவது ஒப்புவார்களா? எல்லைக்கோடு காகிதத்தில் மாறும். செண்டைச் சத்தம் அந்தக் கோட்டில் நிற்பதில்லை.

சாங்லியில் நடந்தது

மூலத்தைப் பற்றிச் சண்டையில்லாமல் பெருமைப்பட முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1842-ல் வட கன்னடத்தின் கர்க்கி என்ற ஊரிலிருந்து பாகவதர் குழு ஒன்று சாங்லி சமஸ்தானத்துக்குப் போய் ஆடியது. பார்த்த ராஜா, இதுபோல் மராத்தியிலும் ஒன்று வேண்டும் என்று தம் அவையிலிருந்த விஷ்ணுதாஸ் பாவேயிடம் சொன்னார். மறு ஆண்டு, 1843-ல், 'சீதா சுயம்வரம்' மேடையேறியது. மராத்தி நாடக மேடையின் பிறப்பு அதுவே என்று மராட்டியர்கள் கொண்டாடுகிறார்கள்.

அவர்கள் கர்க்கிக் குழுவை மறைக்கவில்லை. கன்னடக்காரர்கள், "மராத்தி நாடகம் எங்களுடையது" என்று வழக்குப் போடவும் இல்லை. வாங்கியவர் வாங்கியதை வளர்த்தார். கொடுத்தவர் கொடுத்ததால் குறைந்துபோகவில்லை. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு அணைந்தா போகிறது?

காப்பது யார்?

என்னைக் கேட்டால், ஒரு கலை யாருடையது என்பதற்கு ஒரே அளவுகோல்தான் உண்டு. அதற்காகத் தூக்கம் விழிப்பவர் யார்? கைக்காசைச் செலவழிப்பவர் யார்? அவருடையதே அந்தக் கலை.

கடற்கரையில் கட்டீல், தர்மஸ்தலா, மந்தார்த்தி போன்ற கோயில்களுக்குச் சொந்தமாக மேளங்கள் உண்டு. தீபாவளிக்குப் பிறகு புறப்பட்டால் மே மாதக் கடைசி வரை இரவுதோறும் ஓர் ஊரில் ஆட்டம். பெரும்பாலும் நேர்த்திக்கடன் ஆட்டங்கள். குழந்தை பிறந்தால், நோய் தீர்ந்தால், வழக்கு வென்றால் "ஓர் ஆட்டம் ஆடவைக்கிறேன்" என்று வேண்டிக்கொள்கிறார்கள். செலவு வேண்டிக்கொண்டவருடையது; பார்ப்பது ஊர் முழுவதும்; நுழைவுச்சீட்டு கிடையாது. வேண்டுதல்கள் குவிந்து, தம் முறை வருவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆபீசில் குந்தாபுரா பக்கத்திலிருந்து வந்த ஒரு கலாசி இருக்கிறார். பண்டிகைக்கு லீவு கேட்கமாட்டார். ஆண்டு முழுவதும் லீவைச் சேர்த்துவைத்து, ஊரில் தம் குடும்பத்து ஆட்டம் நடக்கும் வாரத்தில் போய்விடுவார். "என்ன அண்ணா, பத்து நாள் சம்பளம் ஓர் இரவில் போய்விடுமே?" என்று ஒருமுறை கேட்டேன். "போகட்டும் சார். எங்கப்பா வேண்டிக்கிட்டது எனக்காக. நான் வேலைக்கு வந்த பிறகுதான் முறை வந்தது. கடனை நான்தானே தீர்க்கணும்?" என்றார். யட்சகானத்தின் மூலம் தெலுங்கா தமிழா என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வி அவருக்கு எதற்கு?

படித்தவர்களும் தம் பங்கைச் செய்தார்கள். ஞானபீட விருது பெற்ற எழுத்தாளர் சிவராம காரந்த் ஊர் ஊராக அலைந்து ஓலைகளையும் பாட்டுகளையும் திரட்டினார். அவருடைய 'யட்சகான பயலாட்ட' என்ற ஆராய்ச்சி நூலுக்கு 1959-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வசனத்தைக் குறைத்து, வயலினும் சாக்சபோனும் சேர்த்துப் புதுமைகள் செய்தார், பழமைவாதிகள் திட்டினார்கள். திட்டட்டுமே! தன்னுடையது என்று நினைப்பவன்தான் திட்டுவான். நடிகர் சிட்டாணி ராமச்சந்திர ஹெக்டேவுக்கு 2012-ல் பத்மஸ்ரீ வந்தபோது கடற்கரையே தனக்கு வந்ததாக மகிழ்ந்தது.

குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. பெண்களுக்கு அந்த மேடை நெடுங்காலம் மூடியே இருந்தது. இப்போதுதான் பெண் பாகவதர்களும் பெண்கள் குழுக்களும் பெருகுகின்றன. விடியும்வரை உட்காரப் பொறுமையில்லாமல் நள்ளிரவோடு முடிக்கும் ஆட்டங்களும் வந்துவிட்டன. ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. பெங்களூரிலும் மும்பையிலும் ஓட்டல் வேலைக்கு வந்த கடற்கரைக்காரர்கள், பாத்திரம் கழுவிச் சேர்த்த காசில் ஆட்டத்தை இங்கேயும் வரவழைத்தார்கள். அவர்களும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்கள்தான்.

நாம் என்ன செய்தோம்? "கூத்தடிக்கிறான்" என்பது நம் வாயில் வசவு. "கூத்தாடி" என்பது அதைவிடப் பெரிய வசவு. யட்சகானத்தைக் கண்டால் மட்டும், அது நம் கூத்து என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம்! புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அதன் அருமையை உணர்ந்து எழுதினார் ந. முத்துசாமி, 1977-ல் கூத்துப்பட்டறை தோன்றியது. நகரத்து நாடகக்காரர்கள் வியந்தார்கள். நம்மில் எத்தனை பேர் புரிசைக்குப் போனோம்? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பள்ளிப் பாடத்தோடு கூத்தையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த கட்டைக்கூத்து குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. அதற்காகப் பெங்களூரில் எந்தத் தேநீர்க் கடையிலும் பேச்சு எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கரகம் சொல்லும் பாடம்

"அப்படியானால் நம் பெருமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீரா? வந்த இடத்தில் பெருமையும் இல்லாவிட்டால் நமக்கு என்னதான் மிச்சம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஊரையும் உறவையும் விட்டு வந்தவனுக்கு மொழிப் பெருமைதான் கைத்தடி. அதைப் பறிக்கச் சொல்லவில்லை. அந்தத் தடியால் அடுத்தவனை அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பெருமைப்பட நமக்கு இந்த ஊரிலேயே ஒன்று இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. பெண் உடையில் பூக்கரகம் சுமந்து வருபவரைச் சுற்றி வாள் ஏந்திய வீரகுமாரர்கள். கரகத்தில் எழுந்தருளுபவள் திரௌபதி. நடத்துபவர்கள் திகளர் சமூகத்தார். தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து இங்கே தோட்டம் போட்டு வாழ்ந்த குடிகள். 'திகள' என்பதே பழங்கன்னடத்தில் தமிழரைக் குறித்த சொல்.

எந்தத் திரௌபதிக்காக ஆர்க்காட்டு மாவட்டங்களில் கூத்து நடக்கிறதோ, அதே திரௌபதி இங்கே பெங்களூரின் தெய்வமாகிவிட்டாள். கரகம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய் வருகிறது. இன்று அதைத் 'தமிழர் கரகம்' என்று யாரும் சொல்வதில்லை. 'பெங்களூர் கரக' என்கிறார்கள். ஊரே விழித்திருந்து பார்க்கிறது. திகளர்கள் மூலத்தைச் சொல்லி உரிமை கேட்கவில்லை. ஆண்டுதோறும் விரதம் இருந்து கரகம் எடுத்தார்கள். உரிமை தானாக வந்து சேர்ந்தது. வந்தேறிகள் என்று சொல்ல இன்று யாருக்கும் நாக்கு எழாது.

நாம் செய்யக்கூடியது

2009 ஆகஸ்டில் பெங்களூரில் திருவள்ளுவர் சிலையும் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பட்டன. பெங்களூர்ச் சிலை 18 ஆண்டு மூடிக் கிடந்து, பிறகு கண் திறந்தது. நல்ல காரியம். ஆனால் சிலை பேசாது, ஆட்டம் பேசும். சிலைகளைப் பரிமாறிக்கொண்ட நாம் ஆட்டங்களையும் பரிமாறிக்கொள்ள வேண்டாமா?

இதற்கு அரசாங்கம் தேவையில்லை. நம் தமிழ் மன்றங்களும் கோயில் விழாக் குழுக்களும் பொங்கலுக்கும் ஆடிக்கும் மெல்லிசைக் கச்சேரிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கினால், செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் குழுவை அழைக்கலாம். ஓர் இரவு, ஒரு 'கர்ண மோட்சம்'. முன்வரிசை நாற்காலிகளைப் பக்கத்துத் தெருக் கன்னட நண்பர்களுக்கு ஒதுக்குங்கள். "இது உங்கள் யட்சகானத்துக்குத் தகப்பன்" என்று சொல்லி அழைக்காதீர்கள். "எங்கள் ஊர் ஆட்டம், வந்து பாருங்கள்" என்று சொல்லி அழையுங்கள். ஒற்றுமையை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அவர்களே வாய்விட்டுச் சொல்வார்கள். நாம் சொல்வதைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அதுபோலவே அவர்கள் ஆட்டத்துக்கும் போக வேண்டும். கன்னடம் புரியாது என்ற சாக்கு வேண்டாம். கதை நமக்குத் தெரிந்த கதைதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், பள்ளியில் கன்னடம் படிக்கும் அவர்களே நமக்குப் பொருள் சொல்வார்கள். அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அந்தக் கதையும் நம்முடையதுதான்!

மூலத்தை ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். தஞ்சை சரஸ்வதி மகாலில் ஓலைகள் இருக்கின்றன. உடுப்பியில் அறிஞர்கள் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் நல்ல விடைகள் கிடைக்கும். வேலைக்குப் போய் வரும் நமக்கு அதைவிட எளிய கடமை ஒன்று இருக்கிறது. அடுத்தமுறை அந்தச் சுவரொட்டியைப் பார்க்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் முன், ஆட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று படித்துப் பாருங்கள்.